கதை எங்கே கிடைத்தது? மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

மஞ்சள்காட்டான்

நான் முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஒவ்வொருவராக வாருங்கள்.

ஈரோட்டு மஞ்சள் ஏலம் எப்படி நடக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2010 கடைசியில் குவிண்டால் 17,000 ரூபாய் பக்கம் போனதும், 2012இல் 4,000 பக்கம் வந்து விழுந்ததும் நம் எல்லார் வீட்டிலும் பேசித் தீர்த்த பேச்சு. அந்த விலை மறுபடி வரும் என்று மூட்டையை அடுக்கி வைத்துக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அதற்கும் சில வருடம் கழித்து மாமாவோடு ஏலத்துக்குப் போயிருந்தேன். பக்கத்துக் குவியல் ஒரு பெரியவருடையது. வியாபாரி ஒருவர் வந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்தார். நல்ல மஞ்சள் என்றால் டக்கென்று சத்தம் கேட்கும். இது சத்தமே இல்லாமல் ஒடிந்தது, உள்ளேயிருந்து வண்டு துளைத்த மாவு கொட்டியது. வியாபாரி எதுவும் சொல்லவில்லை. இரண்டு துண்டையும் போட்டுவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார்.

பெரியவர் குனிந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்தார். ஒடிந்த வாயோடு வாய் வைத்துப் பொருத்தினார். சரியாகப் பொருந்தியது. இரண்டு விரலால் அதைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

விலை, கடன், குடோன் வாடகை என்று அதற்கு முன்னால் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கட்டுரையாகவே போய் நின்றன. அந்தக் கையைப் பார்த்த அன்று இரவு ஒன்பது பக்கம் எழுதினேன். அதில் மஞ்சள் இல்லை, ஏலம் இல்லை. பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு அண்ணன் தம்பி கதை அது. எப்படி அங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்தப் பெரியவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

தறிச்சத்தம்

எனக்கும் கையில்தான் ஆரம்பித்தது, ஆனால் காதில் முடிந்தது.

சோமனூர்ப் பக்கம், கூலிக்கு ஓட்டும் தறிக்கூடம். 2012, மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் காதோடு வாய் வைத்துக் கத்தித்தான் பேச வேண்டும், தெரியும்தானே. நான் அறுந்த இழையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் போய்விட்டது. அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றன. அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை.

"எனக்கு அந்த ஊட்டுக்குப் போகவே பயமா இருக்குதுங்க்கா."

கூடம் முழுக்கக் கேட்டது. இருபது பேருக்கு மேல் இருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் திடீரென்று ஏதோ ஒரு வேலையில் மும்முரமாகிவிட்டோம். நான் கட்டி முடித்த இழையையே மறுபடி அவிழ்த்துக் கட்டினேன். அந்தப் பெண் வாயைக் கையால் பொத்தியபடி தறி நாடாவைப் பார்த்துக்கொண்டே நின்றது. கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் பேசவில்லை.

நான் எழுதிய முதல் கதை அதுதான். எந்த வீடு, என்ன பயம் என்று எனக்குத் தெரியாது, கதையிலும் நான் சொல்லவில்லை. சத்தம் நிற்பதையும் மறுபடி வருவதையும் மட்டும் எழுதினேன்.

கொடுமுடி அக்கா

தறிச்சத்தம் தம்பி, கதை நன்றாக வந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா? மஞ்சள்காட்டானாவது வேறு கதையாக மாற்றிவிட்டார். உங்கள் கதையில் அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது. அது அவளுடையது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. பத்து வருடம் முன்னால் என் பெரியம்மாவைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பெயர், ஊர், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாம் மாற்றினேன். ஒரு பத்திரிகையில் வந்தது. ஒரே ஒரு சாமானை மட்டும் மாற்றவில்லை: கல்யாணச் சீரில் வந்த பித்தளைப் போசி (பாத்திரம்). வீட்டில் என்ன நடந்தாலும், யார் என்ன சொன்னாலும், பெரியம்மா வாசலில் உட்கார்ந்து புளி போட்டு அதைத்தான் தேய்ப்பார்கள். பளபளவென்று மின்னிய பின்பும் தேய்ப்பார்கள். அதை விட்டால் எனக்குக் கதையே இல்லை.

ஒரு ஒறம்பரை (உறவினர்) வீட்டில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த தடவை நான் போனபோது பெரியம்மா சண்டை போடவில்லை. அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி, நெய் விட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம்தான் சொன்னார்கள்: "எல்லாம் எழுதிக்கோ கண்ணு. என்ற போசிய மட்டும் எனக்குக் குடுத்துரு."

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் நான் போசியைப் பார்க்கவே இல்லை. பரணில் ஏற்றிவிட்டார்களாம். கதைக்குக் கரு எங்கே கிடைக்கும் என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு முதலில் அந்தப் பரண்தான் ஞாபகம் வருகிறது.

மூலப்பத்திரம்

என் அனுபவம் சின்னது. பத்திரம் எழுதுபவரிடம் கொஞ்ச நாள் உதவிக்கு இருந்தேன். பழைய பாகப்பிரிவினை ஒன்றில் அண்ணன் தம்பி இருவருக்கும் "தென்னைமரம் ஒன்றில் சரிபாதி" என்று எழுதியிருந்தது. எந்தப் பாதி? அதிலிருந்து ஒரு கதை வந்தது.

இதைப் படிக்கிற புதியவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கரு கிடைக்கவில்லை என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உங்கள் வீட்டு மூலப்பத்திரத்தை எடுத்துச் செக்குபந்தியை, அதாவது நாலு எல்லை விவரத்தை, படியுங்கள். இன்னார் காட்டுக்கு வடக்கு, இட்டேரிக்கு (வேலிகளுக்கு நடுவே போகும் தடம்) தெற்கு, கிணற்றில் நாலில் ஒரு பங்கு, மாமூல் தடத்தில் வண்டி வாகனம் போகவரப் பாத்தியம். நாலு எல்லையிலும் நாலு குடும்பம் நிற்கிறது. அந்த நாலில் ஒருவர் பெயர் அடுத்த பத்திரத்தில் காணாமல் போயிருக்கும். ஏன் போனது என்று கேளுங்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட நாகம்மாள் நாவலை எடுத்துப் பாருங்கள், காட்டில் பங்கு கேட்பதுதான் அதன் அச்சு. நம் ஊரில் நிலம் பிரிக்கும் நாளைப் போல மனிதர்கள் வாயைத் திறக்கும் நாள் வேறு இல்லை.

இரண்டாவது, தினசரியில் நினைவஞ்சலி விளம்பரம் படியுங்கள். யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில், எந்த மருமகள் பெயர் இல்லை என்று பாருங்கள். மூன்றாவது, ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலத்துக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம், நடுவில் உட்காருங்கள். நாலாவது, முழுக் கதையையும் கேட்காதீர்கள். இது முக்கியம். ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் லண்டனில் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில் இருந்தார். பக்கத்தில் இருந்த அம்மையார், அப்பா இறந்த பிறகு வீட்டுச் சாமான்களுக்காகத் தாயும் மகனும் சண்டை போடுகிறார்கள் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னார். பத்து வார்த்தை இருக்கும். ஜேம்ஸுக்கு அது போதும், நாவலுக்கு விதை விழுந்துவிட்டது. அந்த அம்மையார் மேற்கொண்டு விவரம் சொல்லச் சொல்ல, நிறுத்தினால் தேவலை என்று இருந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். உண்மை முழுசாக வந்துவிட்டால் நமக்கு வேலை இருக்காது.

ஐந்தாவது, எப்போதும் பையில் ஒரு சின்ன நோட்டு. காதில் விழுந்ததை அந்த நிமிடமே குறித்துவிடுங்கள். நாளைக்கு எழுதலாம் என்றால் வார்த்தை மாறிப்போய்விடும். தேதி போடுங்கள், இடம் போடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இட்டேரி

மூலப்பத்திரம் ஐயா, மற்றதெல்லாம் சரிங்க. அந்த நோட்டு விஷயத்தில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காங்கயம் பக்கம் ஒரு சாளை (காட்டு வீடு). கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் தூரத்துச் சொந்தக்கார அப்பாரு (தாத்தா) ஒருவர் பழமை பேசிக்கொண்டிருந்தார். (வெளியூர்க்காரர்கள் படித்தால்: எங்களுக்குப் பழமை என்றால் பேச்சு.) கண்ணபுரம் சந்தையில் வாங்கிய ஒரு மயிலைக் காளை, விற்ற பிறகும் மூன்று தடவை கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய கட்டுத்தரைக்கே வந்து நின்ற கதை. காளை இட்டேரியில் வருகிற சத்தத்தை நாக்காலேயே காட்டினார். கிளுவை வேலியில் உரசுவது, கழுத்து மணி, எல்லாம். எனக்கு அது கையை விட்டுப் போய்விடுமே என்று பயம். நோட்டை எடுத்தேன்.

அப்பாரு நிறுத்திவிட்டார். "எழுதறயா?"

"ஆமாங்க அப்பாரு."

"எழுதறதுன்னா நெசத்தச் சொல்லோணுமல்லோ."

முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று தடவை இல்லை, ஒரு தடவைதானாம். அதுவும் தானாக வரவில்லை, வாங்கியவர் ஓட்டிக்கொண்டு வந்து பல் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தாராம். விலை இவ்வளவு, தரகு இவ்வளவு. நாக்குச் சத்தம் வரவே இல்லை. ஒரு பக்கம் குறித்துக்கொண்டேன், அதை வைத்து இன்று வரை ஒரு வரிகூட எழுத முடியவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நோட்டு என் மேசையில் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் நிஜம். எனக்கு வேண்டியது அந்த மூன்று தடவைதான்.

உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையை, பாடுகிறவர்கள் இராத்திரி இராத்திரியாக, நாள் கணக்கில் பாடுவார்கள். கையில் உடுக்கை மட்டும்தான் இருக்கும். 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடாக்காரர் இங்கே ஓலப்பாளையத்துக்கு வந்து தங்கி, அந்தப் பாட்டை டேப்பில் பதிவு செய்தார். டேப் ஓடினால் பாடுகிறவர் பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகலாம். நோட்டு அப்படி இல்லை, அது எதிரில் உட்கார்ந்து சாட்சி கேட்கிறது.

தறிச்சத்தம்

கொடுமுடி அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

நான் கேட்கவில்லை அக்கா. கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் அடுத்த மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டது. கதை வந்து இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அவிநாசித் தேரில் பார்த்தேன். கையில் ஒரு குழந்தை. அடையாளம் தெரிந்து சிரித்தது. "நல்லா இருக்கீங்களாண்ணா" என்றது. நல்லா இருக்கிறேன் என்று சொன்னேன். நீ எந்த வீட்டிலிருந்து வருகிறாய் என்று கேட்கத்தான் நினைத்தேன். கேட்கவில்லை. தேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டது.

கதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கரண்ட் போகிறது, சத்தம் நிற்கிறது, ஒரு குரல் கேட்கிறது என்று மட்டும் விட்டேன். என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை. கதை தேய்ந்துதான் போனது. ஆனாலும் அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் சொல்வதை நான் ஏற்கனவே ஒத்துக்கொண்டுவிட்டேன் போலிருக்கிறது.

அணைக்கரை

என்னுடையது இன்னும் எழுதப்படாத கதை. நாலு தடவை ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிந்தது. அதற்குள்ளே டணாய்க்கன் கோட்டையும் சில ஊர்களும் முழுகின. தண்ணீர் ரொம்ப இறங்கினால் கோட்டைக்குள் இருந்த மாதவப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். பேப்பரில் படம் வரும், சனம் பார்க்கப் போகும். அப்படி ஒரு கோடையில்தான் நானும் போனேன். எல்லாரும் கோயிலைப் பார்த்து நடந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் பாதியிலேயே பக்கவாட்டில் ஒதுங்கினார். பேரன் மாதிரி ஒரு பையன் கூட இருந்தான்.

அங்கே ஒன்றுமே இல்லை. வெடித்துக் கிடக்கும் வண்டல், ஓட்டாஞ்சில்லு, செத்த நத்தைக் கூடு. பெரியவர் ஒரு இடத்தில் நின்று கோயிலைப் பார்த்தார், அப்புறம் மலையைப் பார்த்தார். நாலு எட்டு வைத்தார். திரும்பி இரண்டு எட்டு வந்தார். அப்புறம் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

பையன், "கோயில் அங்கீங்க தாத்தா, முள்ளு இருக்குது, போட்டுக்குங்க" என்றான்.

"வாசப்படிடா" என்றார்.

அவ்வளவுதான். அவருக்கு அப்போது எண்பது இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சின்னப் பையனாக இருக்கும்போது அந்தப் படியை விட்டு இறங்கியிருப்பார்.

இதை எழுத உட்கார்ந்தால் அணை வரலாறு வந்துவிடுகிறது. எந்தெந்த ஊர், எத்தனை அடி தண்ணீர் என்று பக்கம் போகிறது. 105 அடி நீர்மட்டம் என்று எழுதிய உடனே அந்தப் பெரியவர் காணாமல் போய்விடுகிறார். மஞ்சள்காட்டான் சொன்னதைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது, நான் இன்னும் கட்டுரையில்தான் நிற்கிறேன். வேறு ஒரு வீட்டுக்குள் அவரைக் கொண்டுபோய் விட வேண்டும். எந்த வீடு என்று இன்னும் கிடைக்கவில்லை.

கொடுமுடி அக்கா

அணைக்கரை, நீங்கள் எழுதுங்கள். அவர் கேட்க மாட்டார், அது அவர் இடம் என்று நீங்கள் ஏற்கனவே சொல்லிவிட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வரும்போது செருப்பை எங்கே போட்டுக்கொண்டார்?

அணைக்கரை

போட்டுக்கொள்ளவில்லை அக்கா. கையில் எடுத்துக்கொண்டு கரை வரைக்கும் வெறுங்காலோடு வந்தார். கரையேறிய பிறகு பையன் வாங்கித் தரையில் வைத்தான். அப்போதும் உடனே போடவில்லை, காலில் ஒட்டியிருந்த வண்டலைத் துடைக்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.