‘அசியே ஃபோந்து’ முத்திரைக்குத் தமிழ்: வார்ப்பெஃகா, உருக்கா, மூசையுருக்கா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, வணக்கம். பழைய பிரெஞ்சுச் சவரக்கத்திகளை இனங்கண்டு செப்பனிடுவது பற்றிய கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அலகு, முதுகு, வாய், காம்பு, வால், பிடி என்று மற்றவை அமைந்துவிட்டன. காம்பில் இருக்கும் முத்திரையில்தான் நிற்கிறேன். பிரான்சில் கத்தித் தொழிலுக்குப் பேர்பெற்ற தியேர் நகரத்துப் பழைய கத்திகளில் பட்டறைக் குறியோடு ‘அசியே ஃபோந்து’ என்றும் பொறித்திருப்பார்கள். நேர்ப்பொருள் ‘உருக்கிய எஃகு’. ‘வார்ப்பெஃகு’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

உலோகவியல் பொறியாளர்:
வேண்டாம். படிப்பவர் வார்ப்பிரும்பை நினைப்பார், இல்லையென்றால் அலகையே அச்சில் வார்த்தார்கள் என்று நினைப்பார். வார்த்தது கட்டியை மட்டும்தான்; அலகு சம்மட்டியில் அடித்தது. 1740களில் ஷெஃபீல்டு அருகே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரத் தொழிலாளர், கொப்புள எஃகைக் களிமண் மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கலத்தில், இட்டு முழுக்க உருக்கினார். கரியில் புதைத்துச் சுட்ட கொப்புள எஃகில் கரிமம் புறத்தே மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருக்கும். உருக்கினால் அது சீராகும், கசடும் பிரியும். சவரக்கத்தியின் மெல்லிய வாய்க்கு இந்தச் சீர்மைதான் உயிர். எனவே ‘மூசையெஃகு’.

தமிழாசிரியர்:
ஐயா, ‘உருக்கு’ இருக்க மூசை எதற்கு? உருகு தன்வினை, உருக்கு பிறவினை. அதுவே தொழிலாகுபெயராய் உலோகத்தைக் குறித்தது. பிரெஞ்சுக்காரர் இரண்டு சொல்லில் பொறித்ததை நம் ஒரு சொல் சொல்லிவிடுகிறது. கன்னடத்து ‘உக்கு’ இதன் உறவு. தென்னிந்திய எஃகை ஐரோப்பியர் ‘ஊட்ஸ்’ என்றதும் அந்தச் சொல்லை ஒட்டித்தான் என்பர். 1820களில் பாரிஸ் நாணயச் சாலையில் பிரெயான் என்ற அதிகாரி அந்த எஃகை ஆராய்ந்தார். லண்டனில் அறிவியலாளர் ஃபாரடே, கத்திக் கொல்லர் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து ஆராய்ந்தார். அப்புறம், சவரக்கத்திக்கே ‘மயிர்குறை கருவி’ என்ற பொருநராற்றுப்படைத் தொடரை மீட்கலாமே?

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அங்கே காதுக்கு உவமையாக வருவது கருவியின் ‘மாண்கடை’, அதாவது அழகிய கைப்பிடிப் பகுதி. வளைந்த கைப்பிடி உள்ளது கத்தரிகைதானே? சவரக்கத்திக்குப் பொருந்தாது. ‘உருக்கு’ அழகுதான். ஆனால் சேலம் உருக்காலை என்கிறோம். இன்று எல்லா எஃகும் உருக்கு. முத்திரை சொல்லும் வேறுபாடு மறைந்துவிடுகிறதே.

கத்தி செப்பனிடுபவர்:
என் கவலை வேறு. ‘உருக்கு’ என்று மட்டும் போட்டால், ஸ்டெயின்லெஸும் உருக்குதானே என்று ஈரத்தோடு மடித்து வைத்துவிடுவார்கள். இது துருப்பிடிக்கும் எஃகு. மின்சாணையில் கொடுத்து 200 டிகிரி தாண்டிச் சூடேறினால் பதமே இளகிவிடும். துருவை எண்ணெய் விட்டு, மெல்லிய உப்புத்தாளால் கையாலேயே எடுக்க வேண்டும். முத்திரைமேல் தாள் படவே கூடாது. தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும், முதுகைத் தூக்கினால் கோணம் கெடும். இந்த முத்திரையை மட்டும் வைத்துக் காலம் சொல்லவும் முடியாது. வால் குட்டையாக, அலகு ஆப்புப்போல் கனமாக இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி அல்லது அதற்கும் முன். இருபுறமும் ஆழமாகக் குழித்திருந்தால் பிற்பட்டது. ‘பிரான்ஸ்’ என்று நாட்டுப்பெயர் இருந்தால், 1890இன் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தை ஒட்டி 1891 முதல் ஏற்றுமதிக்குப் பொறித்ததாக இருக்கலாம். இதையெல்லாம் படிப்பவருக்குப் புரிகிற சொல் போதும். ‘கிரூசிபிள் ஸ்டீல்’ என்றே எழுதுங்கள்.

தமிழாசிரியர்:
அதற்குத் தமிழ்க் கையேடே வேண்டாமே! தமிழில் சொல் இல்லாத இடத்தில் கடன் வாங்கலாம்; இங்கே இருக்கிறது. ‘மூசை’யும் வடமொழி ‘மூஷா’தான். ‘குகை’ என்று தட்டார் சொல்வதை எடுங்கள் என்றால், அதுவும் வடசொல் என்பார்கள்.

உலோகவியல் பொறியாளர்:
மூசை நகைப்பட்டறைகளில் புழங்கும் சொல், அது போதும் எனக்கு. ஆசிரியரின் உருக்கையும் விட வேண்டாம். ‘மூசையுருக்கு’: ஐகாரத்தின்முன் யகர உடம்படுமெய், புணர்ச்சியிலும் குறையில்லை.

கத்தி செப்பனிடுபவர்:
சரி. முதல் இடத்தில் ‘துருப்பிடிக்கும்’ என்று ஒரு வார்த்தை சேருங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
மூவருக்கும் நன்றி. ‘மூசையுருக்கு’ என்றே போடுகிறேன். முதல் இடத்தில் ‘மூசையில் உருக்கி வார்த்த கட்டியை அடித்துச் செய்தது, துருப்பிடிக்கும்’ என்ற விளக்கமும் வரும்.

தமிழாசிரியர்:
அச்சில் அப்படியே போகட்டும். என் வாக்கு ‘உருக்கு’க்குத்தான். ஆலைக்காரர்கள் பொதுவாக்கினார்கள் என்பதற்காக ஒரு சொல்லின் கூர்மையை நாம் விட்டுக்கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. மாண்கடை பற்றி நச்சினார்க்கினியர் உரையைப் பார்த்துவிட்டுத் தனி இழையில் எழுதுகிறேன்.