ராஜாஜி மண்டபம் மிஞ்சியது, அரசினர் இல்லம் போனது: சரியா?

மரீனா வாசி:
ஓமந்தூரார் தோட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. மண்டபம் நிற்கிறது, அதை ஒட்டியிருந்த அரசினர் இல்லத்தைக் காணோம். 1753 இல் மதேரோஸ் குடும்பத்திடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய தோட்ட வீடு அது. கவர்னர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். 2008 இல் இடித்தது பெரிய தவறு.

கதிர்:
எனக்கு வருத்தமே இல்லை. அந்த மண்டபம் எதற்காக எழுந்தது? பிளாசிப் போரிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரிலும் வெள்ளைக்காரன் ஜெயித்ததைக் கொண்டாட. 1799 இல் திப்பு விழுந்தார், 1802 இல் விருந்து மண்டபமாக அதைத் திறந்தாயிற்று. அப்போதைய கவர்னர் எட்வர்ட் கிளைவ் அந்த வளாகத்துக்கு இறைத்த பணத்தைப் பார்த்து கம்பெனியின் லண்டன் டைரக்டர்களே கோபப்பட்டார்கள். நம் ஜனங்களிடம் வசூலித்த பணம் ஐயா அது! இன்று அந்த வளாகத்தில் ஏழைக்கு வைத்தியம் நடக்கிறது. எது பெரிது?

மரீனா வாசி:
கதிர், மருத்துவமனைக்காக யாரும் இடிக்கவில்லை. புதிய சட்டமன்றத்துக்காக இடித்தார்கள். அது 2010 இல் திறந்தது, 2014 இல்தான் மருத்துவமனை ஆனது. இடித்தபோது கண்ணில் இல்லாத நோயாளியை இப்போது காரணமாகச் சொல்லாதீர்கள். அப்புறம், அந்த மண்டபத்தைக் கட்டிய கைகள் யாருடையவை? வரைபடம் போட்டவர் கோல்டிங்ஹாம், சென்னை வானாய்வுக் கூடத்தில் நட்சத்திரம் பார்த்தவர். கிரேக்கக் கோயில் மாதிரி தூண்களை அவர் காகிதத்தில் வரைந்திருக்கலாம். செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது நம்மூர்க் கொத்தனார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கட்டடமும் போனால் அவர்களுக்கு என்னதான் மிச்சம்?

வேலூர் மணி:
1987 டிசம்பரில் எம்.ஜி.ஆரைப் பார்க்க அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அங்கே போனார். படிக்கட்டு முழுக்க அழுகை. 1969 இல் அண்ணா, 2016 இல் ஜெயலலிதா, 2018 இல் கலைஞர், எல்லோரையும் அந்தப் படிக்கட்டில்தான் வழியனுப்பினோம். கிளைவ் எந்த எண்ணத்தில் கட்டினாரோ, எனக்கு அது அப்பாவின் தோள். கதிர் தம்பி, அதை வெள்ளைக்காரன் சொத்து என்று சொல்லாதீர்கள்.

கதிர்:
மணி அண்ணா, நீங்கள் சொன்ன பிறகு மண்டபத்தைப் பற்றி மறுத்துப் பேச மாட்டேன். சட்டமன்றம் விஷயத்திலும் மரீனா வாசி சொல்வது சரி, நான் அதைக் கலந்து பேசிவிட்டேன். ஆனால் கவர்னர் வீட்டில் ஜனங்கள் கால் வைத்த கதை ஒன்றாவது உண்டா? மண்டபம் ஊருக்குச் சொந்தமானது, அந்த வீடு ஆகவில்லை. எனக்கு வித்தியாசம் அங்கேதான். மண்டப வாசலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கதையையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

மரீனா வாசி:
எழுதட்டும், கட்டாயம் எழுதட்டும். வீடு ஊருக்குச் சொந்தமாகவில்லை என்றால் கதவைத் திறந்துவிட்டிருக்கலாமே? மண்டபமும் ஒரு காலத்தில் கவர்னர் விருந்தாளிகளுக்கு மட்டும்தானே திறந்தது.