எக்ஸ்4: ஸ்டேஷன் வாசலில் எம் (M, நடுத்தர அளவு) கப்பல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. டாக் (கப்பல் இறங்கும் தளம்) சேர்ப்பதா, கப்பலைக் குறைப்பதா?

இரும்புத்தாது எழுதியது:

எக்ஸ்4 ஃபவுண்டேஷன்ஸ் என்ற விண்வெளிக் கணினி ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. ரிஃபைன்ட் மெட்டல்ஸ், ஹல் பார்ட்ஸ், சிலிக்கான் வேஃபர் மூன்றையும் ஒரே ஸ்டேஷனில் செய்கிறேன். கிராஃபீனும் எனர்ஜி செல்லும் வெளியிலிருந்து வருகின்றன. 1எம்6எஸ் டாக் ஒன்று இருக்கிறது, மூன்று கப்பல் நிற்கும் ஈ (E) வடிவ பியர் (பெரிய கப்பல்களுக்கான துறை) ஒன்று இருக்கிறது. ஸ்டேஷனுக்குக் கீழே தோண்டும் எம் மைனர் 24 (தாதுவுக்கு 16, சிலிக்கானுக்கு 8), சரக்கு வாங்கி விற்கும் எம் டிரேடர் 8.

மேப்பில் பார்த்தால் எப்போதும் 12 முதல் 15 எம் கப்பல்கள் டாக் முன்னால் மிதந்துகொண்டிருக்கின்றன. கப்பல் என்ன செய்கிறது என்று காட்டும் பிஹேவியர் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் டாக் ஆகக் காத்திருப்பதாகவே இருக்கிறது. தாது சேமிப்பு நிரம்பி வழிகிறது, ஆனால் எனர்ஜி செல் தீர்ந்து உற்பத்தி நிற்கிறது. பியர் பெரும்பாலும் காலி. நான் அந்த செக்டரில் (விண்வெளிப் பகுதியில்) இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கதைதான். சேவ் செய்து திரும்ப லோட் செய்தால் ஐந்து நிமிடம் நகர்கிறது, பிறகு பழையபடி நெரிசல்.

கணக்குக்கு உதவும் எண்கள்: லாஜிக்கல் ஓவர்வியூவில் (ஸ்டேஷனின் உற்பத்தி, சேமிப்பு விவரப் பக்கம்) ஒரு மணி நேரத்துக்குத் தாது 9,600, சிலிக்கான் 4,800, எனர்ஜி செல் சுமார் 6,500 செலவாகிறது. எம் மைனரின் கொள்ளளவு 6,000 கன மீட்டர். போய்த் தோண்டித் திரும்பி வர ஏறத்தாழ 25 நிமிடம். எதை மாற்ற வேண்டும்?

பாய்மரம்:

முதலில் டாக் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். 1எம்6எஸ் என்றால் ஒரு எம் பேட் (ஒரு கப்பல் இறங்கும் மேடை), ஆறு எஸ் (சிறிய அளவு) பேட். பார்வைக்கு ஏழு பேட் இருப்பதுபோல் தெரியும். எம் கப்பல் எஸ் பேடில் இறங்காது. அதனால் உங்கள் 32 எம் கப்பல்களுக்கும் இருப்பது ஒரே ஒரு இடம். கூடவே வெளியார் எம் டிரேடர்களும் அதே பேடுக்குத்தான் வருகிறார்கள். பியர் எல் (பெரிய), எக்ஸ்எல் (மிகப் பெரிய) கப்பலுக்கு மட்டும். உங்களிடம் எல் கப்பலே இல்லை, அதுதான் காலியாகக் கிடக்கிறது.

ஒரு எம் கப்பல் பேடை நெருங்குவதிலிருந்து அது கிளம்பி அடுத்த கப்பலுக்கு இடம் காலியாகும் வரை எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூன்று நிமிடம் என்று வைத்தால் ஒரு பேட் மணிக்கு 20 கப்பலைத்தான் அனுப்பும். 24 மைனர்கள் 25 நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் மணிக்கு 58 வருகை. எட்டு டிரேடர்கள் மணிக்கு நான்கு முறை என்றால் இன்னும் 32. ஆக மொத்தம் 90 வருகை, ஆனால் வழி 20-க்கு.

4எம்10எஸ் டாக் இரண்டு போடுங்கள். எட்டு எம் பேட், மணிக்கு 160. பாதிக்கும் சற்று மேல்தான் நிரம்பும். பேடுகளை முழுக்க நிரப்பித் திட்டமிட்டால் இரண்டு கப்பல் ஒன்றாக வந்தாலே வரிசை தொடங்கிவிடும். பழைய 1எம்6எஸ்ஸை இடிக்க வேண்டாம், எஸ் கப்பல்களுக்கு அது இருக்கட்டும். புதிதாக டாக் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: எம் மைனரை நம்பி ஓடும் ஸ்டேஷனுக்கு 1எம்6எஸ் மட்டும் போதவே போதாது. 3எம்6எஸ்ஸில் ஆரம்பித்தால்கூடப் பரவாயில்லை.

கணக்குப்புத்தகம்:

பாய்மரம் பேட் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 90 வருகை என்ற எண்ணை நான் ஏற்கமாட்டேன். மைனர் வருவது ஸ்டேஷன் வாங்கும் அளவுக்குத்தான். வாங்கும் அளவு எவ்வளவு என்று பார்ப்போம்.

தாது ஒன்று 10 கன மீட்டர். மணிக்கு 9,600 என்றால் 96,000 கன மீட்டர். 6,000 கொள்ளும் கப்பலுக்கு 16 நடை. ஒரு கப்பல் 25 நிமிடத்துக்கு ஒரு நடை என்றால் மணிக்கு 2.4 நடை. ஏழு கப்பல் போதும். சிலிக்கானும் 10 கன மீட்டர்தான்: 48,000, எட்டு நடை, நான்கு கப்பல். இரண்டும் சேர்த்து 11. வழியில் சண்டை, கனிமம் குறைந்த இடம், இதற்கெல்லாம் மூன்று கூட்டினால் 14. உங்களிடம் 24 இருக்கின்றன. பத்து மைனர்களுக்கு வேலையே இல்லை.

அந்தப் பத்தும் சும்மா இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். வேலை இல்லாத கப்பல் தன் தலைமை ஸ்டேஷனுக்குத் திரும்பி இறங்கப் பார்க்கும், அல்லது நிறைந்த வயிற்றோடு சேமிப்பில் இடம் வரும் வரை நிற்கும். உங்கள் தாது சேமிப்பு நிரம்பியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற ஒரே எம் பேடை இறக்க முடியாத தாது அடைக்கிறது, இறக்க வேண்டிய எனர்ஜி செல் பின்னால் நிற்கிறது. நீங்கள் பார்ப்பது எனர்ஜி தட்டுப்பாடு இல்லை, வாசல் தட்டுப்பாடு.

இன்னொன்றும் நடக்கிறது. ஒரு கப்பல் சரக்கோடு கிளம்பியதுமே அந்த அளவு ஸ்டேஷனில் அதன் பேரில் பதிவாகிவிடும். வரிசையில் நிற்கும் கப்பலின் பதிவு அது இறக்கும் வரை அப்படியே கிடக்கும். எனர்ஜி செல் 4,000 பதிவாகிக் கிடந்தால், மற்ற டிரேடர்களின் கண்ணுக்கு இங்கே தேவை அவ்வளவு குறைந்து தெரியும். சரக்கு இல்லாமலே சேமிப்பு நிறைந்ததுபோல ஆகிவிடும்.

இப்போதைய நெரிசலைக் கலைக்க இப்படிச் செய்யுங்கள். மேப்பில் தாது மைனர் ஏழு, சிலிக்கான் மைனர் மூன்று என்று பத்தைப் பிடித்து ஸ்டேஷன் பொறுப்பிலிருந்து நீக்குங்கள். அவற்றின் ஆர்டர்களை அழித்துவிட்டு 20 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கச் சொல்லுங்கள். ஆர்டர் போனதும் பதிவும் விடுபடும். எனர்ஜி செல் ஏற்றிய கப்பல்கள் முதலில் இறங்கட்டும். அந்தப் பத்தை வேறு ஸ்டேஷனுக்கு ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள். திரும்ப இங்கேயே சேர்க்காதீர்கள்.

இதற்குப் பிறகு வருகை மணிக்கு 24 மைனர் நடை, 32 டிரேடர் நடை, மொத்தம் 56. ஒரு 4எம்10எஸ் தாங்கும், ஆனால் எழுபது சதவீதம் நிரம்பும். இரண்டாவதைப் போடுவதில் எனக்கு மறுப்பில்லை. கப்பல் எண்ணிக்கையைச் சரிசெய்யாமல் டாக் மட்டும் கூட்டினால், சும்மா நிற்கும் மைனர்கள் புதிய பேடுகளிலும் வந்து உட்காரும்.

சூரியப்பலகை:

டிரேடர் 32 நடை என்பதையும் குறைக்கலாம். எனர்ஜி செல் ஒன்று ஒரு கன மீட்டர். உங்களுக்கு மணிக்கு 6,500 வேண்டும், அதாவது ஒரு எம் கப்பலின் ஏறத்தாழ ஒரு முழுச் சுமை. இத்தனை சிறிய தேவைக்கு ஏன் இத்தனை கப்பல் வருகின்றன? சேமிப்பு ஒதுக்கீடு சிறியதாக இருப்பதுதான் காரணமாக இருக்கும்.

தானியங்கி ஒதுக்கீட்டில் விட்டால் கன்டெய்னர் சேமிப்பில் எனர்ஜி செல்லுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். கொஞ்சம் தீர்ந்தவுடன் கொஞ்சம் வாங்கும். முந்நூறு செல் கொண்டு வருகிற கப்பலும் ஆறாயிரம் கொண்டு வருகிற கப்பலும் நெருங்கவும் இறங்கவும் கிளம்பவும் எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். லாஜிக்கல் ஓவர்வியூவில் எனர்ஜி செல்லைத் திறந்து தானியங்கி ஒதுக்கீட்டை அணைத்து 30,000 என்று வையுங்கள். நாலரை மணி நேரத்துக்குத் தாங்கும். தாது, சிலிக்கான் எல்லாம் திடப்பொருள் சேமிப்பில் இருப்பதால் அவற்றை இது பாதிக்காது. ஹல் பார்ட்ஸ் ஒதுக்கீட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும்.

விலையையும் பாருங்கள். எனர்ஜி செல் விலை 10 முதல் 22 கிரெடிட் (ஆட்டத்தின் பணம்) வரை. தானியங்கி விலையில், இருப்பு குறையக் குறைய வாங்கும் விலை 22 நோக்கி ஏறும். உங்கள் ஸ்டேஷன் எப்போதும் வறண்டு கிடப்பதால் எப்போதும் உச்ச விலை கொடுக்கிறது. அதைப் பார்த்துச் சுற்றியிருக்கும் வெளியார் டிரேடர்கள் எல்லாம் அரைச் சுமையோடு வந்து உங்கள் எம் பேடைப் பிடிக்கிறார்கள்.

சொந்த சோலார் ஸ்டேஷன் இருந்தால் எனர்ஜி செல் வாங்குவதற்கு மட்டும் ஒரு டிரேட் ரூல் (வர்த்தக விதி) போட்டு, உங்கள் சொந்த அணியைத் தவிர மற்றவர்களுக்கு மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் இதே ஸ்டேஷனில் எனர்ஜி செல் மாட்யூலைச் (ஸ்டேஷனின் ஒரு கட்டுமானப் பகுதி) சேருங்கள். செக்டரில் வெயில் எவ்வளவு என்பதைப் பொறுத்து உற்பத்தி கூடும், குறையும். குறைவாக வந்தாலும் அந்த அளவுக்குக் கப்பல் வருகையே இல்லாமல் போகும். வாசலுக்கே வராத சரக்கைவிட நல்ல சரக்கு கிடையாது.

ரிஃபைன்ட் மெட்டல்ஸ் உள்ளேயே செய்து உள்ளேயே செலவழிகிறது. அதற்கு வாங்கும் அறிவிப்போ விற்கும் அறிவிப்போ எங்காவது திறந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். அது வந்து போவதற்கு எந்தத் தேவையும் இல்லை.

தொலைநோக்கி:

எண்கள் எல்லாம் சரியானாலும், நீங்கள் அந்த செக்டரிலேயே இருக்கும்போது வரிசை திரும்பலாம். தூரத்தில் இருக்கும்போது கப்பல் டாக் ஆவது சுருக்கமான கணக்காக நடக்கும். அருகில் இருந்தால் ஒவ்வொரு கப்பலும் உண்மையாகவே பறந்து, மாட்யூல்களைச் சுற்றி வழி தேடி, இறங்க வேண்டும். அங்கேதான் ஸ்டேஷன் அமைப்பு குறுக்கே வரும்.

புதிய டாக்கை எங்கே வைப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். மாட்யூல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஆட்டத்தில் இல்லை. பிளாட்டுக்குள் (ஸ்டேஷனுக்கு ஒதுக்கிய இடம்) இருந்தால் போதும், தனியாக மிதக்கலாம். அதனால் டாக்கை உற்பத்தி மாட்யூல்களின் நடுவே செருகாமல், இரண்டு கிலோமீட்டராவது தள்ளி, கப்பல்கள் அதிகம் வரும் பக்கம் வையுங்கள். இரண்டு 4எம்10எஸ்ஸையும் எதிரெதிரே முகம் பார்க்க வைத்தால் ஒன்றிலிருந்து கிளம்புகிறதும் மற்றதுக்கு வருகிறதும் நடுவில் முட்டி நின்றுவிடும். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே இருக்கட்டும். பேடுகளுக்கு மேலே இருக்கும் வெளியில் சேமிப்புத் தொட்டி, பாதுகாப்பு மாட்யூல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஈ பியருக்கு இன்னும் கவனம் வேண்டும். எல் கப்பல் மெதுவாகத் திரும்பும். மூன்று இடங்களின் முன்னாலும் நேர்கோட்டில் சில கிலோமீட்டர் காலியாக இருந்தால்தான் ஒன்று கிளம்பும்போது பக்கத்தில் வருவது ஒதுங்கித் தவிக்காது. பிளாட் சிறியதாக இருந்தால் பெரிதாக்குங்கள், ஒவ்வொரு பக்கமும் 20 கிலோமீட்டர் வரை போகலாம். மாட்யூலுக்காக இல்லாமல், காலி இடத்துக்காகவே பெரிதாக்குவது வீண் செலவு அல்ல.

இரும்புத்தாது:

எல்லோருக்கும் நன்றி. பத்து மைனர்களை நீக்கியதுமே எனர்ஜி கப்பல்கள் இறங்கத் தொடங்கிவிட்டன. 4எம்10எஸ் இரண்டும் பிளானில் போட்டாயிற்று. இன்னும் ஒரு சந்தேகம்: பியர் சும்மாதானே கிடக்கிறது, டிரேடர்களை எல் சைஸுக்கு மாற்றினால் பலன் உண்டா? வெளியே போகும் ஹல் பார்ட்ஸுக்குத்தான் இப்போது அதிக எம் கப்பல் ஓடுகிறது.

கணக்குப்புத்தகம்:

உண்டு, ஹல் பார்ட்ஸுக்கு நிச்சயம் உண்டு. ஹல் பார்ட்ஸ் ஒன்று 12 கன மீட்டர். 6,000 கொள்ளும் எம் கப்பல் 500-தான் எடுக்கும். 30,000 கொள்ளும் எல் கப்பல் ஒரே நடையில் 2,500 எடுக்கும். ஐந்து எம் வருகைகள் பேடிலிருந்து நீங்கி, ஒன்று பியருக்குப் போகும். எட்டு எம் டிரேடர்களில் ஐந்தை எடுத்துவிட்டு இரண்டு எல் வையுங்கள். மிச்சம் மூன்று எம் கப்பல்கள் கிராஃபீனும் சில்லறைச் சரக்கும் பார்க்கட்டும்.

எல் கப்பலை வைப்பதற்கு முன் கார்கோ ட்ரோன் எண்ணிக்கையைப் பாருங்கள். பியரில் நிற்கும் கப்பலுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் சரக்கைச் சுமப்பது அவைதான். நான்கைந்து ட்ரோன் மட்டும் இருந்தால் 2,500 ஹல் பார்ட்ஸ் ஏற வெகுநேரம் பிடிக்கும், பியரும் அதுவரை அடைபட்டிருக்கும். அப்புறம் எல் கப்பல்களின் வரிசை தொடங்கும், அது எம் வரிசையைவிடக் கலைக்கக் கடினம். லாஜிக்கல் ஓவர்வியூவில் கார்கோ ட்ரோனை 20-க்கு உயர்த்துங்கள். ட்ரோன் செய்யத் தேவையான பொருட்களை ஸ்டேஷன் தானே வாங்கத் தொடங்கும். அந்தப் பொருட்கள் வந்து சேர்ந்து ட்ரோன் எண்ணிக்கை உயர்ந்த பிறகுதான் எல் கப்பலை ஒதுக்க வேண்டும்.

பாய்மரம்:

புதிய டாக் கட்டி முடித்ததும் உடனே மைனர் சேர்க்காதீர்கள். 14 மைனர்களோடு இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, டாக் முன் காத்திருக்கும் எம் கப்பல்களை எண்ணுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை, தாது சேமிப்பு பாதிக்குக் கீழே இறங்குகிறது என்றால் ஒரு மைனரைக் கூட்டலாம். தாது நிரம்பியே இருந்தால் இன்னும் ஒன்றைக் குறையுங்கள்.