அமெரிக்கக் கூட்டாட்சி மாநில உரிமைக்காகப் பிறந்ததா?

வடகரையான்:
மாநில உரிமையைக் காக்கவே கூட்டாட்சி வந்தது என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. 1781-இல் வந்த முதல் அரசியல் ஏற்பாட்டில் (Articles of Confederation) மாநிலங்கள் வைத்ததே சட்டம். மத்திய சபையான காங்கிரஸால் ஒரு காசு வரி போட முடியாது. விடுதலைப் போர்க்கடனை அடைக்க 5 சதவீத இறக்குமதி வரி கேட்டார்கள். 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். ரோட் ஐலண்ட் மாட்டேன் என்றது, அத்தோடு போயிற்று. மத்தியில் தெம்புள்ள அரசு வேண்டும் என்றுதான் 1787-இல் பிலடெல்பியாவில் கூடினார்கள்.

இளவெயில்:
கூடியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள் நண்பரே. புதிய காங்கிரஸின் இரு அவைகளிலும் மக்கள்தொகைப்படி இடம் என்றது பெரிய மாநிலமான வர்ஜீனியா. மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற கட்டளையோடு வந்திருந்தார்கள் சிறிய மாநிலமான டெலவேர்காரர்கள். கடைசியில் பெரிய மாநிலமோ சிறியதோ, மேலவையான செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம். அந்தச் சமத்துவத்தை ஒரு மாநிலத்தின் சம்மதமில்லாமல் அதனிடமிருந்து பறிக்க முடியாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். செனட்டர்களைத் தேர்ந்தெடுத்ததும் மாநிலச் சட்டமன்றங்களே. இது மாநில உரிமை இல்லையென்றால் வேறென்ன?

கருங்கல்:
இரண்டு பேருமே அடிமைமுறையைத் தொடவில்லை. அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைப் பேசவே முடியாது. மாநில உரிமை என்று முழங்கிய தென்மாநிலங்கள்தான் 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க மத்திய சட்டம் வேண்டும் என்று வாங்கின. வட மாநிலத்துச் சாதாரணக் குடிமகனும் பிடித்துக் கொடுக்க உதவ வேண்டும். பிடிபட்டவர் தன் பக்கத்தைச் சொல்லவே வழியில்லை. வட மாநிலமான விஸ்கான்சினின் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 1859-இல் மத்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அன்று மாநில அதிகாரம் மனிதனுக்குத் துணை நின்றது விஸ்கான்சினில். தெற்கு அதை எதிர்த்தது.

இளவெயில்:
கருங்கல் சொல்வது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் மாநிலம் என்ற தடுப்பு இருந்ததால்தானே விஸ்கான்சினால் எதிர்க்க முடிந்தது? 1913-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது திருத்தம் செனட்டர் தேர்வை மக்களிடம் கொடுத்தபோது அந்தத் தடுப்பின் முக்கியமான தூண் போய்விட்டது.

வடகரையான்:
அதைப் பிடுங்கியது மத்திய அரசு மட்டுமா? நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்தன. நீங்கள் சொன்ன அதே டெலவேரில் சட்டமன்றக் கோஷ்டிச் சண்டையால் 1901 முதல் 1903 வரை இரண்டு செனட் இடங்களுமே காலி. அந்த இரண்டு வருடம் செனட்டில் டெலவேருக்காக வாக்களிக்க ஒருவர்கூட இல்லை.