எல்லோரையும் சேர்த்து விளம்பரம் செய்வதை முதலாளிக்கு எந்தக் கணக்கில் காட்டுவது?

நொய்யல்கரை, திருப்பூர்:
வணக்கம்ங்க. நைட்டி, குழந்தைகள் உடை, உள்ளாடை எல்லாம் உள்நாட்டு வியாபாரத்துக்குப் போடும் பனியன் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். கருப்பு நிறத்தவர்கள், பெரிய உடம்புக்காரர்கள், வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், இங்கேயே குடியிருந்து வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் பொருளும் விளம்பரமும் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். முதலாளிக்கு மனசு இருக்கிறது, ஆனால் "நல்லதுதான் கண்ணு, இதுக்குக் கணக்கு என்னன்னு சொல்லு" என்கிறார். விளம்பரப் படங்களில் எத்தனை வகை ஆட்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டினால் போதுமா?

பீளமேட்டுக்காரன், கோவை:
போதாதுங்க. முகங்களை எண்ணினால் நீங்கள் செய்த வேலைதான் தெரியும், வாங்க வந்தவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது. முதலாளிக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்: சரக்கில் கொஞ்சம் பீஸை மட்டும் எடுத்துத் தரம் பார்க்கும் ஏக்யூஎல் 2.5 செக்கிங்கில் 125 பீஸ் எடுத்தால் 7 குறை வரை பாஸ், 8 ஆனால் லாட்டே ரிஜெக்ட், அங்கே நல்ல பீஸை யாரும் எண்ணுவதில்லை, குறையைத்தான் எண்ணுகிறோம். இதிலும் வாங்க முடியாமல் திரும்பிப் போனவர்களை எண்ணுங்கள். 3 எக்ஸ்எல், 4 எக்ஸ்எல் தேடி 'இருப்பு இல்லை' பார்த்துவிட்டு வெளியேறியவர்கள், அளவு சேராமல் வந்த ரிட்டர்ன், இந்தியில் பேசி ஆர்டர் ஆகாமல் முடிந்த போன்கள், எல்லாம் உங்கள் கம்பெனி பதிவிலேயே கிடக்கும், யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் விளம்பரத்தின் பலனைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஈரோடு, சேலத்துக்குப் புது விளம்பரம், மதுரை, திருச்சிக்குப் பழையது, விலையும் தள்ளுபடியும் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் இதைச் செய்துவிடுங்கள், பண்டிகை நேரத்தில் எல்லாமே விற்கும், எது எதனால் விற்றது என்று பிரிக்க முடியாது. போன வருடம் அதே வாரங்களில் அந்த ஊர்களின் விற்பனையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற அழகுசாதனப் பிராண்டு வந்தபோது, முகத்தில் பூசும் ஃபவுண்டேஷனில் 40 நிறங்களை முதல் நாளே கடையில் வைத்தார்கள், அதனால்தான் அந்த விளம்பரத்தை ஜனங்கள் நம்பினார்கள். பெரிய அளவு மாடலைப் படத்தில் போட்டுவிட்டு அந்த அளவில் சரக்கு இல்லையென்றால் வந்தவர்களை அவமானப்படுத்தி அனுப்புகிறோம் என்று அர்த்தம்.

ஆழியாறு, பொள்ளாச்சி:
எனக்குப் பார்வை கிடையாது, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வைத்துத்தான் போனில் துணி வாங்குகிறேன், வீட்டில் எல்லோருக்கும் வாங்குவதும் நான்தான். சில கடைச் செயலிகளில் எதைத் தொட்டாலும் "பட்டன், பட்டன்" என்று மட்டும் வாசிக்கும், நிறம் என்ன, கழுத்து எப்படி என்று ஒரு வரி இருக்காது, அத்தோடு அந்தக் கடையை விட்டுவிடுவேன். மேலே சொன்ன ஊர் பிரித்துப் பார்க்கும் சோதனையில் எங்களைப் போன்றவர்கள் தெரியவே மாட்டோம், ஒரு ஊருக்கு நாலைந்து பேரின் ஆர்டர் கூடினால் அது மொத்தக் கணக்கில் கரைந்துவிடும். அதை வைத்துப் பலன் இல்லை என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள், நாடு முழுக்க 2.68 கோடி. அதற்குப் பிறகு வந்த 2016 சட்டம்தான் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது, பழைய 1995 சட்டத்தில் 7தான்.

எங்களுக்கு வேறு அளவுகோல் வையுங்கள். பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள், கை நடுக்கம் உள்ள பெரியவர்கள் என்று சிலரைக் கூப்பிட்டு, அவர்கள் நேரத்துக்குச் சம்பளம் கொடுத்து, ஒரு உடையைத் தேடிப் பணம் கட்டும் வரை தனியாகச் செய்யச் சொல்லுங்கள். உதவி இல்லாமல் முடித்தவர்கள் எத்தனை பேர், எந்தத் திரையில் நின்றார்கள், அதுதான் எண். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 நிற வேறுபாடு வேண்டும் என்பது இணையத்துக்கான சர்வதேச விதி, உங்கள் டிசைனரே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கடைக்கார அக்கா, ஈரோடு:
தம்பி, இணையத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீங்க, நைட்டி வியாபாரம் பாதி எங்களை மாதிரி கடைகளில்தான் நடக்குது. பெரிய அளவு கேட்கும் பெண்கள் மெதுவான குரலில் ஒருமுறை கேட்பார்கள், இல்லை என்றால் வேறு எதையும் பார்க்காமல் போய்விடுவார்கள், அது எந்த பில்லிலும் ஏறாது. டீலர்களுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுத்து, கேட்டு இல்லாமல் திருப்பி அனுப்பியதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கை தூக்க முடியாத பாட்டிக்கு முன்பக்கம் முழுசாகத் திறக்கிற நைட்டி இருக்கா என்று மகள்கள் வந்து கேட்கிறார்கள், என்னிடம் கொடுக்கச் சரக்கு இல்லை. டாமி ஹில்ஃபிகர்ங்கிற அமெரிக்க உடை கம்பெனி 2016லேயே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் காந்தம் வைத்த பட்டனோடு உடை கொண்டுவந்தார்கள், நம்ம ஊர் தையலுக்கு அது பெரிய வேலையா?

நொய்யல்கரை, திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க அக்கா, நோட்டு விஷயத்தை டீலர் கூட்டத்தில் பேசுகிறேன். பீளமேடு அண்ணா, எங்கள் ரிட்டர்ன் படிவத்தில் 'பிடிக்கவில்லை' என்று ஒரே காரணம்தான் இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பது?

பீளமேட்டுக்காரன், கோவை:
முதலில் அதை எடுத்துவிடுங்கள். அளவு சின்னது, அளவு பெரியது, படத்தில் பார்த்த நிறம் இல்லை, போட்டுக் கழற்றச் சிரமம், விவரம் புரியவில்லை, இப்படிப் பிரித்து, தமிழிலும் இந்தியிலும் வையுங்கள். பொள்ளாச்சி நண்பர் சொன்னது சரி, அவர் சொன்ன சோதனையை விற்பனைக் கணக்கோடு கலக்காமல் தனி அறிக்கையாகக் கொடுங்கள்.