'தி டூ ரானீஸ்' டிவிடி: ஃபிலிம் காட்சிகளில் மட்டும் சீப்புக்கோடு, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ரானி பார்க்கர், ரானி கார்பெட் ஜோடியின் 'தி டூ ரானீஸ்' காமெடி நிகழ்ச்சியின் (பிபிசி, 1971–87) PAL (பிரிட்டனின் டிவி முறை) டிவிடிகளை எம்பி4 ஆக்க வேண்டும்.

ஸ்டுடியோ பகுதி பிரச்சினையில்லை. அது வீடியோ டேப், நொடிக்கு 50 ஃபீல்டு (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் உள்ள அரைப்படம்). எஃப்எஃப்எம்பெக் (வீடியோ மாற்றும் மென்பொருள்) கொண்டு பிடபிள்யூடிஃப் (bwdif) என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர் (ஃபீல்டுகளை முழுப் படமாக்குவது) போட்டு 50 ஃபிரேமாகவே எடுக்கிறேன். 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும். 'ஃபோர் கேண்டில்ஸ்' (1976) துண்டில் கடைக்காரர் கார்பெட் சலிப்போடு பெட்டியை எடுக்கப் போய்வரும் நடையே வெட்டிவெட்டித் தெரியும். அந்த நடைதானே பாதி காமெடி! ஃபீல்டு வரிசை மேல்வரி முதல். மாற்றிக் கொடுத்தால் படம் முன்னும் பின்னும் உதறும். 720x576-ஐ 768x576 ஆக்கி, சிஆர்எஃப் (படத்தரத்துக்கான அளவு) 18 வைக்கிறேன்.

சிக்கல் வெளிப்புறக் காட்சிகளில். 'ஃபேன்டம் ராஸ்பெரி புளோயர்' போன்ற தொடர்கள் ஃபிலிமில் எடுத்தவை, நொடிக்கு 25 ஃபிரேம். ஒரே ஃபிரேமின் இரண்டு ஃபீல்டும் சேர்ந்து வந்தால் எதுவும் செய்யத் தேவையில்லை. சில இடங்களில் ஒரு ஃபீல்டு தள்ளி விழுந்திருக்கிறது; அப்படியே விட்டால் தொப்பி விளிம்பெல்லாம் சீப்புப்பல், டீஇன்டர்லேஸ் செய்தால் செங்கல் சுவர் மினுங்குகிறது.

ஒரே ஃபிரேமின் ஃபீல்டுகளை மீண்டும் ஜோடி சேர்க்கும் ஃபீல்டுமேட்ச் ஃபில்டரை ஃபிலிம் பகுதிக்கு மட்டும் தானாக ஓட வைக்க வழி உண்டா? இல்லை, காட்சி காட்சியாக வெட்டித்தான் ஒட்ட வேண்டுமா? க்யூடிஜிஎம்சி (QTGMC, இன்னொரு டீஇன்டர்லேஸ் கருவி) பயன்படுத்துபவர்கள் எந்த ப்ரீசெட் வைக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் (வீடியோ மாற்றும் இன்னொரு மென்பொருள்) யோசனை வேண்டாம், பகுதிக்கொரு ஃபில்டர் அதில் முடியாது.