முகத்தில பில்லர் ஊசி போட்ட இடம் ஊதாவா மாறுது, கெதியா ஆராவது சொல்லுங்கோ

கோண்டாவில் பிள்ளை:
அக்கான்ர கலியாணத்துக்கெண்டு நேற்றுப் பின்னேரம் டவுனில ஒரு இடத்தில மூக்கடியில இருந்து வாய்க்கரைக்கு வாற கோட்டை நிரப்ப பில்லர் எண்ட ஊசி போட்டனான், ஊசி ஏத்தேக்கயே இடப்பக்கம் சரியா நொந்து வெளிறிப்போச்சு, அவை அது வழமைதான் ஐஸ் வையுங்கோ எண்டிச்சினம், விடிய எழும்பிப் பாத்தா வலை மாதிரி ஊதாக் கோடு, நோவும் கூடிக்கொண்டு போகுது. அம்மாவுக்கு இன்னும் சொல்லேல்ல. கலியாணம் முடியுமட்டும் பொறுக்கலாமோ?

நேர்ஸ் அக்கா:
பொறுக்காதேங்கோ தங்கச்சி, இப்பவே வெளிக்கிடுங்கோ. சும்மா வீக்கம், கண்டல் எண்டா ரெண்டு கிழமைக்குள்ள தானா வத்தும். வெளிறி, பேந்து வலை மாதிரி நிறம் மாறி, நோவும் கூடினா ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம், விட்டா அந்தத் தோல் செத்துப்போகும். ஐஸ் வேண்டாம், குழாய் இன்னும் சுருங்கும், இளஞ்சூட்டுத் துணி வையுங்கோ. போட்டது ஹயலுரோனிக் அசிட் எண்ட வகை பில்லர் எண்டா ஹயலுரோனிடேஸ் ஊசியால கரைக்கலாம், கல்சியம் பில்லர் எண்டா அது கரைக்காது, அதால போட்ட இடத்துக்குப் போன் அடிச்சு மருந்துப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, ஆனா அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரியாஸ்பத்திரியில பில்லர் போட்டனான் எண்டு முதலே சொல்லோணும், வெக்கப்பட்டு மறைச்சா வாய்க்கரையில வாற கொப்புளத்தை அக்கியெண்டு நினைக்க இடமிருக்கு. முந்தி தேனீ, குளவி குத்தி உடம்பு முழுக்கத் தடிச்சதெண்டா அதையும் சொல்லுங்கோ, கரைக்கிற ஊசியும் ஒத்துக்கொள்ளாமப் போகலாம். கண் நொந்தாலோ பார்வை மங்கினாலோ ஒரு நிமிசமும் பாக்காம 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

சுன்னாகம் அண்ணி:
அம்மாவுக்குச் சொல்லுங்கோ பிள்ளை. ஏசுவா, ஆனா கூட வருவா. தனியப் போகாதேங்கோ.

கோண்டாவில் பிள்ளை:
அம்மாவோட போனனான். கரைக்கிற ஊசி போட்டிட்டு, ஒரு மணித்தியாலத்தால பாத்து நிறம் வரேல்லயெண்டு திரும்பவும் போட்டவை. இப்ப ஊதா குறைஞ்சு சிவப்பு வருது, ஒரு சின்ன இடம் மட்டும் தோல் உரியுது, நாளைக்கும் வரட்டாம். அம்மா இன்னும் ஏசேல்ல, பக்கத்தில இருந்து துணி நனைச்சுத் தாறா.

நேர்ஸ் அக்கா:
நல்ல காலம். உரியிற தோலைக் கையால இழுக்காதேங்கோ, ஆறுமட்டும் மேக்கப்பும் வேண்டாம், கலியாணத்தண்டும்தான். சூடா வீங்கி சீழ் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடன திரும்பிப் போங்கோ.